மேடைக்குப் பின்னால் இருந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில், வட கரோலினாவின் சார்லட்டில் இருக்கிறோம். பத்து வயது மகனை ஒரு கிறிஸ்தவக் கோடை முகாமுக்கு ஒரு வாரம் அனுப்பலாமா என்று யோசனை. மலைப்பக்கக் கிராமம். ஏரி, படகு, வில்வித்தை எல்லாம் உண்டு. ஆனால் கேபினில் ஏசி இல்லை, பொதுக் குளியலறை, போன் கூடாது. நாங்கள் இந்துக்கள், பையன் மனதை மாற்றிவிடுவார்களோ என்று மனைவிக்குப் பயம். முகாமின் வரலாற்றுக் குறிப்பை இணைத்திருக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

பிரபு

அன்புள்ள பிரபு,

மதமாற்றப் பயத்தை விடுங்கள். சின்ன வயதில் மே மாதமானால் விடுமுறை வேதாகமப் பள்ளிக்குத் திருநீறு பூசிக்கொண்டே போனவன் நான். வசனம் ஒப்பித்தால் பென்சில் கிடைக்கும், அம்மா அதை வாங்கிப் பால் கணக்கு எழுதுவாள். ஆக்‌ஷன் பாட்டுகள் இன்றும் மனப்பாடம். திருநீறும் அப்படியே இருக்கிறது. ஏசியாம் ஏசி! நீங்கள் எந்த அரண்மனையில் வளர்ந்தீர்கள்?

நீங்கள் இணைத்த குறிப்பைத்தான் இரண்டு முறை படித்தேன். நிலம் கொடுத்த விவசாயி, முதல் போதகர், புது சாப்பாட்டுக் கூடம் கட்டிய ஆண்டு. யார் சமைத்தார்கள், யாரை உள்ளே விடவில்லை என்பது மட்டும் கிடையாது.

இப்படி வெளியில் போய்த் தங்கி ஆராதனை நடத்தும் முகாம் வழக்கத்தின் வேர் பழசு. 1801 ஆகஸ்டில் கென்டக்கியின் கேன் ரிட்ஜில் பிரஸ்பிட்டேரியன்கள் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினர் திருவிருந்து ஆராதனை, அதாவது அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை வைத்தார்கள். இருந்தது மரக்கட்டையில் கட்டிய ஒரு சின்ன ஜெபவீடு, வந்தவர்கள் 10,000 பேருக்கும் மேல் என்று கணக்கு, ஆகவே வண்டியிலும் கூடாரத்திலும் படுத்து, கொண்டுவந்ததைத் தின்று, நாள் கணக்கில் பிரசங்கம் கேட்டார்கள். அப்புறம் இன்னொரு புராட்டஸ்டன்ட் பிரிவினரான மெதடிஸ்டுகள் இதை வருஷா வருஷம் நடத்த ஆரம்பித்தார்கள், பெரும்பாலும் வயல் வேலை ஓய்ந்த நாட்களில். உங்களுக்குப் பக்கத்திலேயே, லிங்கன் கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), ராக் ஸ்பிரிங்ஸ் என்ற முகாம் மைதானம் 1830லிருந்து இருக்கிறது. நடுவே சுவரில்லாமல் மரத்தூண்மேல் நிற்கும் பெரிய கூரை, சுற்றிலும் ஒட்டி ஒட்டிப் பலகைக் குடில்கள், 200க்கும் மேல். குடில்கள் குடும்பத்துக்குள்ளேயே கைமாறுகின்றன. நம் ஊர்க் கோயில் கொடைக்கு வருகிற மாதிரி மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஆகஸ்டில் வந்து இறங்குகிறார்கள்.

சரி, அந்தக் காலத்துத் தென் மாநில முகாம்களுக்குக் கறுப்பின அடிமைகளும் வந்தார்களே, அவர்கள் எங்கே இருந்தார்கள்? பெரும்பாலும் பிரசங்க மேடைக்குப் பின்னால், போதகரின் முதுகைப் பார்த்துக்கொண்டு. பிரசங்கம் முடிந்து வெள்ளையர்கள் தூங்கப் போன பிறகும் அவர்கள் பக்கம் விடிய விடியப் பாட்டு நடக்கும். வடக்கே பிலடெல்பியா பக்கத்தில்கூடக் கறுப்பர்கள் பகுதியில் இப்படித்தான். அங்கே ஒரு மெதடிஸ்ட்காரர் அந்தப் பாட்டுகளைக் கண்டித்து 1819ல் புத்தகமே போட்டார். கண்டித்து எழுதியதால்தான் கொஞ்சமாவது நமக்குத் தெரிகிறது.

அதே லிங்கன் கவுன்டியில் டக்கர்ஸ் குரோவ் என்று இன்னொரு மைதானம். அடிமைகளுக்கென்று தொடங்கியது, அடிமை முறையை ஒழித்த உள்நாட்டுப் போருக்குப் பின் கறுப்பர்களின் சொந்தச் சபையான ஆப்பிரிக்கன் மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சயான் கைக்கு வந்தது. அங்கேயும் அதே மாதிரிக் கூரை, அதே மாதிரிக் குடில்கள். 1972ல் இரண்டுமே தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் ஏறின. ஒரே கவுன்டி, ஒரே வேதம், இரண்டு மைதானம்! நாம் இதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நம் திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளம் தேவாலயத்துக்குள் சாதி பிரித்து நின்ற சுவரை 1910ல்தான் இடித்தார்கள்.

ஆகவே முகாமுக்குப் போன் போட்டால் குளியலறையைப் பற்றிப் பேசாதீர்கள். கறுப்புப் பிள்ளைகளை எந்த வருஷத்திலிருந்து சேர்த்தீர்கள், இப்போது எத்தனை பேர் வருகிறார்கள், சாப்பிட்ட தட்டை யார் கழுவுகிறார்கள் என்று கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை, பையனை அனுப்புங்கள். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் இருக்கும், சும்மா கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். டார்ச்சும் கொசு மருந்தும் மறக்க வேண்டாம். ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் மனைவியைக் கூட்டிக்கொண்டு டக்கர்ஸ் குரோவுக்குப் போய்ப் பாட்டுக் கேளுங்கள், கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.