1,000 கி.மீ. பறக்க எவ்வளவு நேரம்?

கேள்வி: நான் போகவேண்டிய ஊருக்கு விமானத் தூரம் 1,000 கி.மீ., பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி என்று ஒரு இணையதளம் காட்டுகிறது. டிக்கெட்டிலோ கிட்டத்தட்ட 2 மணி நேரம் போட்டிருக்கிறது. எதை நம்புவது?

பதில்: டிக்கெட்டை நம்புங்கள். இணையதளம் செய்வது வெறும் வகுத்தல் கணக்கு. பூமி உருண்டையின் மேல் இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய வழியை எடுத்து, மணிக்கு 800 கி.மீ. சொச்சம் என்று ஒரு வேகத்தால் வகுத்துவிடுகிறது. விமானம் அந்த வேகத்தை எட்டுவது உயரே போன பிறகுதான். போகும் வழியும் அப்படியே நேராக இருக்காது. ராணுவ வான்பரப்பு, புயல் மேகம், இறங்கக் கிடைக்கும் ஓடுபாதையின் திசை எல்லாவற்றுக்கும் வளைந்துதான் போகவேண்டும்.

டிக்கெட்டில் இருப்பது கேட்டை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் கேட்டில் போய் நிற்கும் வரையிலான நேரம். ஓடுபாதைக்கு முன் வரிசையில் காத்து நிற்பதும் அதில் சேர்த்தி. தாமதப் பேர் வரக்கூடாது என்று விமான நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போட்டுக்கொள்வதும் உண்டு. ‘20 நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்’ என்ற அறிவிப்புக்குப் பல நேரம் அதுதான் காரணம்!

கேள்வி: போகும்போது 8 மணி நேரம், வரும்போது 7. ஒரே தூரம்தானே?

பதில்: தூரம் ஒன்றுதான், காற்று வேறு. விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் ஜெட் காற்றோட்டம் இருக்கிறது. கிழக்கே போனால் அது தள்ளிவிடும், மேற்கே போனால் எதிர்த்து நிற்கும். லண்டன் – நியூயார்க் சுமார் 5,550 கி.மீ.; அங்கே நீங்கள் சொல்லும் இதே வித்தியாசம் சகஜம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டிக்கெட்டில் புறப்படும் நேரமும் வந்துசேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரம். லண்டனில் காலை 11-க்குக் கிளம்பி நியூயார்க்கில் பிற்பகல் 2-க்கு இறங்குவதாக இருந்தால் பயணம் 3 மணி நேரம் அல்ல. இரண்டு ஊருக்கும் பெரும்பாலும் 5 மணி நேர வித்தியாசம் என்பதால், 8. திரும்பும்போது இரவு 8-க்கு ஏறி காலை 8-க்கு இறங்கினால் 12-ல் 5 போக, 7. வந்துசேரும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடியாக ‘+1’ என்று இருந்தால் மறுநாள் என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் ஓட்டல் அறையை ஒரு நாள் முன்னதாகவே பதிவு செய்துவிடுகிறவர்கள் நிறைய.

கேள்வி: அப்படியானால் தூரக் கணக்கு எதற்குத்தான் உதவும்?

பதில்: டிக்கெட் தேர்ந்தெடுக்க அவ்வளவாக உதவாது. அதைவிட விமான நிலையம் ஊரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். டோக்கியோவில் ஹனேடா நகரத்தை ஒட்டியே இருக்கிறது; நரிட்டா சுமார் 60 கி.மீ. தள்ளி. மலிவு டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை ரயிலுக்கே கொடுக்கும்படி ஆகிவிடலாம்.

விமானம் தாமதமானதற்கோ ரத்தானதற்கோ இழப்பீடு கேட்கும்போதுதான் தூரம் நிஜமாகவே கைகொடுக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி 1,500 கி.மீ., 3,500 கி.மீ. என்ற எல்லைகளை வைத்துத்தான் தொகையை முடிவு செய்கிறது. இணைப்பு விமானத்தில் எங்கெங்கோ சுற்றிப் போனாலும் முதலில் ஏறிய இடத்துக்கும் கடைசியில் சேரும் இடத்துக்கும் நேர்த்தூரமே கணக்கு. தாமதத்துக்கு மட்டும் கடிகாரத்தைப் பாருங்கள்: 2014-ல் அங்குள்ள நீதிமன்றம் சொன்னபடி, வந்துசேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரம் அல்ல, விமானத்தின் கதவு திறந்த நேரம்.