பிறப்புச் சான்றிதழில் பால் மாற்றமும் பெமிற் காணியும்

கேள்வி: எங்கள் வீட்டில் ஆண் என்று பதிந்த பிள்ளைக்கு இப்போது 22 வயது. பெண்ணாகவே வாழ்கிறா. பிறப்புச் சான்றிதழை மாற்றச் சட்டம் இருக்கிறதா? அப்பாவின் பெமிற் காணிக்கு (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) அவவைத்தான் பின்னுரித்தாளராக, அதாவது அவருக்குப் பின் காணியைப் பெறுபவராகப் போட்டிருக்கிறார். அந்த உரிமை போய்விடுமா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: பால் இன்னதென்று வரையறுக்கும் தனிச் சட்டம் இலங்கையில் இல்லை. அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை பால் காரணமான பாரபட்சத்தைத் தடுக்கிறது, விளக்கம் தருவதில்லை. 2024இல் பால்நிலைச் சமத்துவச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கையில் இருப்பது சுகாதார அமைச்சும் பதிவாளர் நாயகமும் 2016இல் வெளியிட்ட சுற்றறிக்கைகள்தான். கந்தோரில் இருப்பவருக்கு அவை தெரியாமலும் இருக்கலாம், பிரதியைக் கொண்டுபோங்கள்.

தொடங்கும் இடம் அரச வைத்தியசாலையின் மனநல மருத்துவ நிபுணர். 16 வயது கடந்தவரை அவர் மதிப்பிட்டு, பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் தருவார். ஒரு சந்திப்பில் முடியாது. படிவத்தில் ஹோர்மோன், சத்திரசிகிச்சை பற்றியும் வருகிறது. உங்கள் பிள்ளையின் நிலைக்கு எதை எழுதுவார் என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள். ஆண், பெண் தவிர மூன்றாவது தெரிவு இல்லை. கிராம அலுவலரிடம் முதலில் போகவேண்டாம். இதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவருக்கில்லை, ஊருக்குத்தான் கதை முந்தும்.

அடுத்து, அந்தச் சான்றிதழோடு பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கு விண்ணப்பம். பெயரையும் பாலையும் சேர்த்தே மாற்றக் கேளுங்கள். இடம்பெயர்ந்த காலத்தில் பிறந்தவர் என்றால் பதிவு எந்தப் பிரிவில் நடந்தது என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். வன்னியில் இழுபடுவது பெரும்பாலும் இங்கேதான்.

பிறகுதான் அடையாள அட்டை. அதன் எண்ணிலேயே பால் இருக்கிறது: பெண்ணுக்குப் பிறந்த நாளின் இலக்கத்தோடு 500 கூட்டுவார்கள். 2003 பெப்ரவரி 10இல் பிறந்தவர் ஆணென்றால் 2003041 என்றும், பெண்ணென்றால் 2003541 என்றும் தொடங்கும். எண் மாறினால் வங்கி, ஊழியர் சேமலாப நிதி, வாக்காளர் இடாப்பு எல்லாவற்றிலும் திருத்தவேண்டும். பழைய அட்டையின் பிரதியை எறியாதீர்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி ஒன்றும் முடித்து வையுங்கள். கடவுச்சீட்டு கடைசியில்.

காணி விஷயத்தில் பயம் வேண்டாம். பின்னுரித்து பெயர் குறித்ததால் வருவது, ஆண் என்பதால் அல்ல. பெயர் குறிக்காத காணிகளில் ஆண்பிள்ளைக்கு இருந்த முன்னுரிமையையும் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. ஆனாலும் அப்பா இருக்கும்போதே பிரதேச செயலகத்தில் புதிய பெயருக்கு நியமனத்தை மாற்றிப் பதிவுசெய்யுங்கள். அவர் இறப்பதற்கு முன் பதியாத நியமனம் செல்லாது. உண்மையில் உரிமையைப் பறிப்பது வேறொன்று: பெமிற்காரரும், அவருக்குப் பின் அனுபவிக்கும் வாழ்க்கைத்துணையும் காலமானபின் 6 மாதத்துக்குள் பின்னுரித்தாளர் காணியில் இறங்காவிட்டால் உரிமை அற்றுப்போகும். வெளியூரில் வேலை செய்பவர்கள் இதில்தான் தவறவிடுகிறார்கள்.

உறுதிக் காணி (உறுதிப் பத்திரமுள்ள சொந்தக் காணி) இருந்தால் இன்னொன்று. தேசவழமைக்கு (வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டம்) உட்பட்ட மணமான பெண் அசையாச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் சட்டம் வைத்த விதி இது. பிள்ளை பின்னாளில் மணம்செய்தால் அது அவவையும் கட்டலாம். நொத்தாரிசிடம் முன்கூட்டியே பேசுங்கள்.