சிலையும் ஓவியர்களும்

அன்புள்ள ஐயா,
தாவரவியலாளர் ராபர்ட் வைட், கிழக்கிந்தியக் கம்பெனியின் பருத்திச் சோதனைகளுக்காக 1842 முதல் 1853 வரை எங்கள் கோவையில் இருந்தார் என்று அண்மையில்தான் அறிந்தேன். அவருக்கு இங்கே சிலை வைக்கக் கோரலாமா? அல்லது, நம் செடிகளுக்குத் தன் பெயரைச் சூட்டிக்கொண்ட வெள்ளைக்காரர் என்று விட்டுவிடலாமா?
ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

செடியின் அறிவியல் பெயருக்குப் பின்னால் ‘வைட்’ என்று இருந்தால், அப்பெயரை முறைப்படி வெளியிட்டவர் அவர் என்று பொருள். இதைக்கூடத் தேடிப் பார்க்காமல் கோபப்படலாமா? பருத்தி, மான்செஸ்டர் ஆலைகளுக்காக நடந்த முயற்சி, பெரிதாகப் பலிக்கவில்லை. அதை விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் வைட்டின் ஓவியர்கள் ரங்கையாவும் கோவிந்துவும் இல்லையே! சில நாட்களாக நான் அவர்கள் படங்களோடுதான் இருக்கிறேன். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வந்த வைட்டின் ‘ஐகோன்ஸ்’ என்ற இந்தியத் தாவரப் பட நூலில் 2101 படங்கள். முதலில் ரங்கையா வரைந்தார், அவருக்குப் பின் கோவிந்து. கிளையையும் இலையையும் யாரும் வரைந்துவிடலாம். பக்கத்தின் அடியில் பாருங்கள்: பிளந்த பூ, மகரந்தத்தாள் ஒட்டியிருக்கும் இடம், சூல்பையின் குறுக்குவெட்டு. அதில் ஓர் அறை கூடினாலோ குறைந்தாலோ செடியை வேறு குடும்பத்தில் தேட வேண்டியிருக்கும்.

நான் கல்லூரியில் தாவரவியல் படித்தவன். செயல்முறை வகுப்பில் மேஜைமேல் செம்பருத்தி இருக்கும். நாங்கள் சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து வரைவோம். பூவை வெட்டி, கண்டதைக் கண்டபடி வரைந்த ஒரு தோழிக்கு மதிப்பெண் குறைந்தது. நோட்டில் உள்ளதுபோல் இல்லையாம்! எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. கண்ணால் பார்ப்பதைத் தண்டிக்கும் வகுப்பிலிருந்து எப்படி ஒரு தாவரவியலாளர் வருவார்?

ஓவியரின் கண்ணுக்கு என்ன மதிப்பு என்று வைட்டுக்குத் தெரிந்திருந்தது. 1853இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்கள் அடங்கிய பிரிவுக்கு, ‘கோவிந்துயா’ என்று பெயரிட்டார். கம்பெனி அதிகாரி ஒருவர் தன்னிடம் வேலை பார்த்த இந்திய ஓவியருக்குச் செய்த மரியாதை அது. அந்தப் பேரினம் பின்னாளில் ‘டிரோபிடியா’வில் சேர்க்கப்பட்டு, கோவிந்துவின் பெயர் வழக்கொழிந்த பெயர்களின் பட்டியலுக்குப் போய்விட்டது. வகைப்பாட்டு விதிப்படி அது சரிதான். ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. நீங்களோ சிலையைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், தம்பி. உங்கள் ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது. ‘ஐகோன்ஸ்’ இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. படங்களின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் ஓவியர் பெயரையும் படியுங்கள். பிறகு உங்கள் தெருவில் பூத்திருக்கும் ஏதாவதொரு பூவை பிளேடால் பிளந்து, பார்த்ததை வரைந்து எனக்கு அனுப்புங்கள். சிலையைப் பற்றி அதன்பிறகு பேசலாம்.