பைத்தானில் எஸ்கியூலைட் (ஒரே கோப்பில் இருக்கும் தரவுத்தளம்) பயன்படுத்தி ஒரு மாதிரி நிரல் எழுதினேன். டேபிள் இருக்கிறது, இன்சர்ட் செய்த வரிகள் ஏன் இல்லை?

கமிட், அதாவது மாற்றங்களை நிலையாகச் சேமிக்கும் கட்டளை, விட்டுப்போயிருக்கிறது. பிழைச்செய்தி எதுவும் வராததால்தான் குழம்பியிருப்பீர்கள்.

இன்சர்ட், அப்டேட், டிலீட் இவற்றுக்கு முன்னால் பைத்தானின் எஸ்கியூலைட்3 மாட்யூல் தானாகவே, மொத்தமாகச் சேமிக்கப்படும் அல்லது மொத்தமாக ரத்தாகும் மாற்றங்களின் தொகுப்பான ஒரு டிரான்ஸாக்‌ஷனைத் திறக்கும். கமிட் செய்யாமல் கனெக்‌ஷனை மூடினால் அது ரத்தாகிவிடும். கிரியேட் டேபிளுக்கு அப்படித் திறப்பதில்லை. அதனால் டேபிள் கோப்பில் ஏறிவிடுகிறது, வரிகள் ஏறுவதில்லை. பைத்தான் 3.12-இல் ஆட்டோகமிட் என்று ஓர் அமைப்பு வந்திருக்கிறது. அதைத் தொடாதவரை இதே கதைதான்.

உங்கள் நிரலிலேயே இன்சர்ட்டுக்குக் கீழே செலக்ட் போட்டிருந்தால் வரிகள் தெரிந்திருக்கும். ஒரு கனெக்‌ஷன் தான் எழுதியதை, கமிட் ஆகாவிட்டாலும், தான் பார்க்கும். எனவே மாதிரி நிரலை இப்படி முடியுங்கள்: கமிட், குளோஸ், மறுபடி கனெக்ட், பிறகு செலக்ட். இரண்டாவது கனெக்‌ஷனில் வரிகள் வந்தால் மட்டுமே சேமித்தது உறுதி. கனெக்‌ஷனை வித் (with) தொகுதியில் பயன்படுத்தினால் அந்தத் தொகுதி பிழையின்றி முடிந்ததும் கமிட் ஆகும், பிழை வந்தால் ரோல்பேக் ஆகும், அதாவது மாற்றங்கள் ரத்தாகும். ஆனால் கனெக்‌ஷன் மூடாது. குளோஸைத் தனியாக எழுத வேண்டும்.

அடுத்து நீங்கள் மாட்டப்போகும் இடம் கேள்விக்குறி. மதிப்பை எஸ்கியூஎல் கட்டளையோடு கூட்டல்குறி போட்டு ஒட்டாதீர்கள். டி'சில்வா என்று ஒரு பெயர் வந்தாலே அந்தக் கட்டளை உடையும், விஷமிகளுக்கும் வழி திறக்கும். மதிப்பு வரும் இடத்தில் ? மட்டும் வைத்து, மதிப்பை எக்ஸிக்யூட்டுக்கு இரண்டாவது அளபுருவாகக் கொடுங்கள். ஒரே மதிப்பென்றால் (பெயர்) என்று எழுதினால் போதாது, (பெயர்,) என்று காற்புள்ளியோடு எழுத வேண்டும். காற்புள்ளி இல்லாவிட்டால் அது டூப்பிள் (மதிப்புகளின் வரிசை) ஆகாது, வெறும் சரம். 'முருகன்' என்று கொடுத்துப் பாருங்கள்: தேவை 1, கொடுத்தது 7 என்று பிழை வரும். உகரக் குறி, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனிக் குறியாக எண்ணியதில் வந்த 7 அது. கேள்விக்குறியை மேற்கோளுக்குள் வைத்தால் அது வெறும் எழுத்தாகிவிடும். டேபிள் பெயருக்குப் பதில் கேள்விக்குறி செல்லாது.

வேறு ஃபோல்டரிலிருந்து ஓட்டினால் 'நோ சச் டேபிள்' என்று வரலாம். கோப்பு இல்லாவிட்டால் கனெக்ட் பிழை சொல்லாது, அதே பெயரில் காலிக் கோப்பு ஒன்றைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். முழுப் பாதையைக் கொடுங்கள்.

ஆயிரம் வரிகள் சேர்க்க எக்ஸிக்யூட்மெனி, கடைசியில் ஒரே கமிட். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் ஹார்டு டிஸ்க்கில் ஒவ்வொரு கமிட்டும் தட்டு இரண்டு முறை சுற்றிவரக் காத்திருப்பதால், நொடிக்கு ஏறக்குறைய 60 டிரான்ஸாக்‌ஷன்தான் முடியும்.

'ஓஆர்எம் (எஸ்கியூஎல்லை நமக்குப் பதிலாக எழுதித்தரும் நூலகம்) இருக்கும்போது இதெல்லாம் எதற்கு' என்று கீழே யாராவது எழுதுவார்கள். ஓஆர்எம்மை நான் குறை சொல்லவில்லை. அதற்கு அடியிலும் இதே கமிட்டும் கேள்விக்குறியும்தான் ஓடுகின்றன. அங்கே பிழை வந்தால் இங்கேதான் வந்து தேட வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாடம் எடுப்பவர்களே, நிரலை ஸ்கிரீன்ஷாட்டாகப் போடாதீர்கள். படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் மாணவர் முதலில் தவறவிடுவது அந்த ஒற்றைக் காற்புள்ளியைத்தான். உரையாகவே கொடுங்கள், நகலெடுத்து ஓட்டிப் பார்க்கட்டும்.