இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிந்தால் அது ஷார்ட் அல்ல

வாசகர் கேள்வி: ஹாலில் லைட், ஃபேன் எதுவும் வேலை செய்யவில்லை. ஆனால் பிளக் பாயிண்டின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிகிறது. குளியலறையில் கீசர் சுவிட்சைப் போட்ட உடனே எம்சிபி (அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. வந்து பார்த்த எலெக்ட்ரீஷியன் இரண்டுமே ஷார்ட் என்கிறார். 16 ஆம்பியர் எம்சிபியை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். போடலாமா?

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். உங்கள் வீட்டில் இருப்பவை ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு கோளாறுகள்.

ஃபேஸில் வரும் மின்சாரம் பல்பு, மோட்டார், ஹீட்டர் என ஏதாவது ஒரு சுமையின் வழியாகப் போய் நியூட்ரலில் திரும்பினால் அது மூடிய சுற்று. பாதை எங்காவது அறுந்தால் திறந்த சுற்று. சுவிட்சை அணைக்கும்போது நாம் செய்வதும் இதுதான். இடையில் சுமையே இல்லாமல் ஃபேஸ் நேராக நியூட்ரலையோ எர்த்தையோ தொட்டுவிட்டால் குறுக்குச் சுற்று, அதாவது ஷார்ட்.

ஹாலில் நடந்திருப்பது திறந்த சுற்று. அதிலும் அறுந்திருப்பது நியூட்ரல். சுவிட்ச் போட்டிருக்கும் ஃபேனின் காயில் வழியாக ஃபேஸ் மறுபக்கம் வந்து, போக வழியில்லாமல் நியூட்ரல் கம்பியில் நிற்கிறது. இடது துளையில் டெஸ்டர் எரிவது அதனால்தான். ஹாலின் எல்லா சுவிட்சுகளையும் அணைத்து, பிளக்குகளைக் கழற்றிவிட்டு மறுபடி டெஸ்டரை வையுங்கள். வலது துளையில் மட்டும் நன்றாக எரிந்து, இடது துளையில் அணைந்தாலோ மிகவும் மங்கினாலோ சந்தேகமே வேண்டாம். எம்சிபிகள் இருக்கும் டிபி பெட்டியில், நியூட்ரல் கம்பிகள் வந்து சேரும் பட்டையான நியூட்ரல் லிங்க்கின் திருகு தளர்ந்திருக்கும், அல்லது சுவிட்ச் போர்டுக்குள் ஒரு ஜாயிண்ட் கருகியிருக்கும். ஃபேன் ஓடவில்லை, அதனால் கரண்ட் இல்லை என்று எண்ணி அந்தக் கறுப்புக் கம்பியைத் தொட்டுவிடாதீர்கள். இந்த நிலையில் அது ஃபேஸைப் போலவே உயிரைப் பறிக்கும். மெயினை அணைத்த பிறகே போர்டைத் திறக்க வேண்டும்.

மும்முனை இணைப்புள்ள வீடாக இருந்து, சில அறைகளில் விளக்கு கண்ணைக் கூசுமளவுக்கும் சில அறைகளில் மங்கலாகவும் எரிந்தால், அறுந்திருப்பது மெயின் நியூட்ரலாக இருக்கலாம். 230 வோல்ட்டுக்கான டிவியும் ஃபிரிட்ஜும் 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தத்தில் எரிந்துபோகும். உடனே மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்தை அழையுங்கள்.

இனி கீசர். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் இழுப்பது 8.7 ஆம்பியர்தான், 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது எளிய சுமை. சுமை மிகுந்து விழுவதென்றால் உள்ளே இருக்கும் ஈருலோகத் தகடு சூடேறி வளைய வேண்டும், அதற்கு நிமிடக் கணக்கில்கூட ஆகும். போட்ட உடனே விழுகிறது என்றால் உள்ளிருக்கும் காந்தச் சுருள் இழுக்கிறது. அது ஷார்ட்டின் அடையாளம். சி வகை 16 ஆம்பியர் எம்சிபியில் அந்தச் சுருள் 80 முதல் 160 ஆம்பியருக்குள் இழுத்துவிடும். 32 ஆம்பியரில் அதற்கு 160 முதல் 320 வரை வேண்டும். ஷார்ட்டில் 200 ஆம்பியர் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் பழைய எம்சிபி கணத்தில் துண்டித்துவிடும்; புதியது சில நொடிகள் தாமதிக்கக்கூடும். சுவருக்குள் போகும் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியின் இன்சுலேஷன் கெடுவதற்கு அந்தச் சில நொடிகள் போதும். எம்சிபி காப்பது கீசரை அல்ல, கம்பியை. கம்பியை மாற்றாமல் எம்சிபியை மட்டும் பெரிதாக்கும் யோசனை எனக்கு அச்சத்தையே தருகிறது.

எம்சிபியை இறக்கிவிட்டு, கீசரின் இணைப்பை முழுவதுமாகக் கழற்றுங்கள். எம்சிபியை ஏற்றி, கீசர் சுவிட்சைப் போடுங்கள். அப்போதும் விழுந்தால் ஷார்ட் கம்பியிலோ சுவிட்சிலோ இருக்கிறது. விழாவிட்டால் கோளாறு கீசருக்குள். இங்கே 100 வாட் பல்பு வைத்த சீரியஸ் லேம்பை (சோதிக்கும் கருவியோடு தொடராக இணைக்கும் பல்பை) நம்ப வேண்டாம். நல்ல கீசரிலும் பல்பு ஏறக்குறைய முழு வெளிச்சத்தில்தான் எரியும். மல்டிமீட்டரில் ஹீட்டரின் இரு முனைகளுக்கிடையே 26 ஓம் அளவில் காட்டினால் காயில் சரி. பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். அடுத்து ஒரு முனைக்கும் கீசரின் உலோக உடலுக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். அங்கே எந்த அளவும் வரக் கூடாது. வந்தால், உறை வெடித்து ஹீட்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஹீட்டரை மாற்றும்வரை அந்தக் கீசரைத் தொடாதீர்கள். மல்டிமீட்டரில் எதுவும் சிக்காவிட்டால், இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகர் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். அப்படியே, மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் டிபியில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.