டீக்கடையில் சொன்ன பெயர்

கேள்வி: என் பேத்திக்குக் கேத்தரின் என்று பெயர் வைத்திருக்கிறோம். டீக்கடையில் சொன்னால், ‘அது அருவி பேராச்சே’ என்று சிரிக்கிறார்கள். இந்தப் பெயரில் பெரிய மனுஷிகள் யாரும் இல்லையா? (வாசகி, அரவேணு)

பதில்: டீக்கடையிலா போய்ச் சொன்னீர்கள்? தப்பு அங்கேதான். நம் அருவிக்குப் பெயர் தந்த கேத்தரின், காக்பர்ன் என்ற வெள்ளைக்காரரின் மனைவி. கோத்தகிரிப் பக்கம் காபியைக் கொண்டுவந்தவர் அந்தக் காக்பர்ன்தான் என்பார்கள். ஆக அது காபிக்காரம்மா பெயர். இன்றைக்குக் குன்னூர்ப் பக்கத்து டால்பின் நோஸ் என்ற பாறை முனையில் நின்று பார்த்தால் எதிர்மலையில் அருவி வெள்ளை நூலாகத் தொங்குகிறது, அதைச் சுற்றிப் போகும் வழியெல்லாம் டீ. இந்தப் பக்கத்தில் நான் காபிக்குப் பரிந்து எழுதும்போதெல்லாம் ‘குன்னூரில் உட்கார்ந்துகொண்டு சோறு போடுகிற செடியைப் பழிக்கிறீரே’ என்று கடிதம் வரும். அதனால் அந்த அம்மாள் மேல் எனக்குத் தனிப் பாசம்.

ஆனால் என் காலை வாருகிறவரும் ஒரு கேத்தரின்தான். போர்த்துகல் இளவரசி, பிரகன்ஸா கேத்தரின். 1662இல் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸைக் கட்டிக்கொண்டபோது சீதனத்தில் பம்பாயையே சேர்த்துக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை என்ன செய்தார்? 1668இல் அதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வருஷம் 10 பவுண்டு வாடகைக்கு விட்டுவிட்டார். (குன்னூரில் அதற்கு ஒரு மாட்டுக்கொட்டகை கிடைக்காது.) அது போகட்டும், அரண்மனைச் சீமாட்டிகளுக்கு டீப் பழக்கத்தைத் தொற்றவைத்தது இந்த மருமகள்தான். மேற்கொண்டு நான் பேசுவதற்கில்லை.

ரஷ்யாவை 34 வருஷம் ஆண்ட கேத்தரினுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சோஃபி. எட்டாம் ஹென்றி கட்டிய ஆறு பேரில் மூன்று பேர் கேத்தரின். தூக்கத்தில் பெயர் மாறிவிடக்கூடாதே என்ற முன்ஜாக்கிரதையோ என்னவோ. ஒருவரை விலக்கினார், ஒருவர் தலையை வெட்டினார், மூன்றாமவர் அவரை அனுப்பிவைத்துவிட்டு இருந்தார். பேத்திக்கு மூன்றாமவர் கதையை மட்டும் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தச் சிரிப்பு. அருவிக்குப் படுகர் வைத்த பெயர் வேறு, கெத்தெஹாட ஹள்ளா. ஹள்ளா என்றால் என்னவோ ஏதோ என்று நினைக்கவேண்டாம், கோயம்புத்தூர்க்காரர்கள் ஓடையைப் பள்ளம் என்பார்களே, அதே பள்ளம்தான். மலை ஏறியதில் பகரம் மூச்சு வாங்கி ஹ ஆகிவிட்டது. டீக்கடைக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அடுத்த மாதம் அரவேணுப் பக்கம் வருகிறேன், குழந்தையைப் பார்க்க வரலாமா? காபி போடுவீர்கள்தானே?