ஏ/எல் சோதினையில மூண்டு ஏ இருந்தும் மகளுக்கு அமெரிக்கக் கொலிஜில மெரிட் ஸ்கொலர்ஷிப் (திறமைக்குக் குடுக்கிற காசு) இல்லை, திரும்பக் கேக்கலாமோ எண்டு கேட்டதுக்கு

ஓம், கேக்கலாம், ஆனா மே 1க்கு முதல், இடத்தை உறுதிப்படுத்திற டெபாசிட் கட்ட முந்தியே கேளுங்கோ. மகளே அட்மிஷன் ஒஃபிசுக்கு ஈமெயில் போடட்டும், வேற கொலிஜ் ஒஃபர் லெட்டர் இருந்தா அதையும் சேர்த்து. கூடப் படிச்ச பிள்ளைக்கு ரிசல்ட் குறைவு, அவளுக்குக் குடுத்தனீங்கள்தானே எண்டு மட்டும் எழுதிடாதேங்கோ, எடுபடாது.

அமெரிக்காவில மெரிட் இலங்கையில கம்பஸ் எடுபட பாக்கிற எங்கட இசட் ஸ்கோர் மாதிரி வரிசையில வாற சாமான் இல்லை, ஆரை இழுக்க வேணுமோ அவைக்கு ஃபீஸைக் குறைக்கினம், அதோட சில இடத்தில தனி ஃபோம், டேட்டும் முந்தியே முடிஞ்சிடும், அதைத்தான் விட்டிருப்பீங்கள் எண்டு நினைக்கிறன்.

கொலிஜ் பேரோட கொமன் டேட்டா செட் (கொலிஜுகள் தங்கட விபரங்களைப் போடுற அறிக்கை) எண்டு தேடி எச்6 பகுதியைப் பாருங்கோ. வெளிநாட்டுப் பிள்ளையள் எத்தினை பேருக்குக் காசுதவி குடுத்தவை, சராசரி எவ்வளவு எண்டு இருக்கும். ரெண்டு மூண்டு பேர்தான் எண்டா மினக்கெடாதேங்கோ.

கிடைச்சாலும் ஜிபிஏ (கொலிஜில எடுக்கிற சராசரிப் புள்ளி) கண்டிஷனைப் பாருங்கோ. எங்கட பெடியன்ர லெட்டரில 3.3க்குக் கீழ போனா கட் எண்டு ரெண்டாம் பக்கத்தில பொடி எழுத்தில இருந்தது, வெள்ளவத்தையில கொமினிகேஷன் கடையில பிரிண்ட் எடுத்தாப் பிறகுதான் கண்டனாங்கள். ஃபீஸ் வருசா வருசம் ஏறும், இந்தக் காசு அனேகமா அப்பிடியே நிக்கும்.